சுட்ட கார்பன் கட்டியில் பலம் வரவில்லையா? தூளின் மேற்பரப்பில் தேட வேண்டியவை, அறிகுறி வாரியாக

கோக் தூளையோ கிராஃபைட் தூளையோ பிட்சுடன் (தாரிலிருந்து கிடைக்கும் கறுப்புப் பிசின்) அல்லது ஃபீனாலிக் ரெசினுடன் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கும் கட்டிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. தூளின் துகளைத் தானியம் என்றும், அதை ஒட்டவைக்கும் பிட்சையோ ரெசினையோ பைண்டர் என்றும் சொல்கிறேன். பைண்டர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தூளைக் காற்றில் சூடாக்கியோ அமிலத்தில் ஊறவைத்தோ, மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏற்றிப் பதப்படுத்திய பிறகும் பலம் ஏறவில்லை, சில சமயம் இருந்ததும் இறங்கிவிட்டது என்ற புகார் திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் அடுத்துக் கேட்பது, "இன்னும் கொஞ்ச நேரம் பதப்படுத்தட்டுமா?" என்றுதான். முதலில் உடைந்த துண்டைக் காட்டுங்கள் என்பேன். பிடிப்பு போதாமல் உடைந்ததா, பிடிப்பு மிஞ்சி உடைந்ததா என்று அந்த முகம் சொல்லிவிடும். இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நிலக்கரித் தார் பிட்சின் புகையும் தூசியும் புற்றுநோய் உண்டாக்குபவை. மிக்சருக்கு மேலே புகை உறிஞ்சி ஓடாமல் கலக்காதீர்கள். கையுறை, முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம். பிட்ச் பட்ட தோலில் வெயில் பட்டால் கடுமையாக எரியும். நைட்ரிக் அமிலம் இருக்கும் இடத்துக்குப் பிட்ச், அசிட்டோன், ரெசின் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

## முதல் வேலை: உடைந்த முகத்தைப் பார்ப்பது

வளைவுச் சோதனையில் உடைந்த துண்டின் இரண்டு பாதிகளையும் எடுங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. ஊதித் தூசியை அகற்றிவிட்டு, பக்கவாட்டில் ஒரு விளக்கைத் தாழ வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சாய்வான வெளிச்சம் முக்கியம். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாமே ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

ஒரு பாதியில் தானியம் முழுசாக நீட்டிக்கொண்டு நிற்கும், எதிர்ப் பாதியில் அதே வடிவத்தில் ஒரு குழி இருக்கும். குழியின் சுவர் வழவழப்பாக, லேசாக மினுங்கினால் பைண்டர் அந்தத் தானியத்தைப் பிடிக்கவே இல்லை. பலாச்சுளையை எடுத்த இடம் போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். குழிக்குள் சொரசொரப்பாக, தானியத்தின் செதில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிப்பு இருந்திருக்கிறது, வேறு ஏதோ தோற்றிருக்கிறது.

தானியமே குறுக்காக வெட்டுப்பட்டு, உள்ளே அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிடிப்பு நல்ல பிடிப்பு. முகம் முழுவதும் உருண்டைக் குழிகள் இருந்தால் அது வாயு வேலை. தானியத்தைச் சுற்றி வளையமாக மயிரிழை வெடிப்பு ஓடினால் சுருக்கத்தின் வேலை. குறைந்தது பத்துத் துண்டுகளைப் பாருங்கள். கார்பன் நொறுங்கும் பொருள். ஒரே கட்டியில் அறுத்த துண்டுகளே ஆளுக்கொரு எண் காட்டும். மூன்று துண்டின் சராசரியை வைத்துப் பதப்படுத்தல் பலித்தது, பலிக்கவில்லை என்று முடிவுகட்டியதால் வீணான மாதங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

துண்டின் கனம் மிகப் பெரிய தானியத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கிறதா, ஓரங்களில் ரம்பக் கீறல் இல்லையா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இதில் பிழை இருந்தால் கீழே உள்ள எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

## அறிகுறி 1: தானியம் சுத்தமாகக் கழன்று வருகிறது

அடிக்கடி வருவது இதுதான். மலிவான காரணத்திலிருந்து போவோம்.

தூள் ஈரமா? பதப்படுத்திய தூளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் (கார்பனோடு பிணைந்த, ஆக்சிஜன் கொண்ட அணுக்கூட்டங்கள்) இருக்கும். அவை பைண்டரைப் பிடிப்பது போலவே காற்றின் ஈரத்தையும் பிடிக்கும். நேற்றுப் பதப்படுத்தி மூடாமல் வைத்த தூள் இன்று நேற்றைய தூள் அல்ல. நூறு கிராம் எடுத்து 110 டிகிரி செல்சியஸில் எடை நிலைக்கும் வரை காயவைத்து, மறுபடி எடை பாருங்கள். 0.2 கிராமுக்கு மேல் குறைந்தால் நான் அந்தத் தூளைக் கலக்க மாட்டேன். காயவைத்துச் சூட்டோடு மிக்சரில் போடுங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

தூள் குளிர்ந்திருந்ததா? பிட்ச் 160 டிகிரியில் இருக்கிறது என்று அளவுமானி காட்டும். ஆனால் அறைச் சூட்டில் இருக்கும் கோக்கைக் கொட்டினால், தானியத்தைத் தொட்ட கணமே பிட்ச் தோல் கட்டிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் சுற்றினாலும் அந்தத் தோல் முழுக்க இளகிப் பரவுவதில்லை. பிட்சின் மென்மையாகும் வெப்பநிலைக்கு 50 முதல் 60 டிகிரி மேலே கலவை இருக்க வேண்டும். 110 டிகிரியில் மென்மையாகும் பிட்ச் என்றால் 160, 170. தூளையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பிட்சை ஊற்ற வேண்டும். அளக்கும் கம்பி மிக்சரின் சுவரில் இல்லாமல் கலவைக்குள்ளேயே நிற்கட்டும்.

தூள் சீராகப் பதப்பட்டிருக்கிறதா? காற்றில் பதப்படுத்தும்போது தட்டில் தூளைக் குவியலாக வைத்திருந்தால் மேல்தோல் வெந்திருக்கும், அடியில் காற்றே போயிருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், சோப்பு படாத கண்ணாடிக் குவளை, 75 மைக்ரான் சல்லடையில் இறங்கிய தூள் ஒரு சிட்டிகை. மெதுவாகத் தூவுங்கள். பதப்படாத தூள் தண்ணீர்மேல் கறுப்பு ஆடையாக மிதந்து குவளை விளிம்பில் ஏறி ஒட்டும். பதப்பட்டது ஓரிரு நிமிடத்தில் நூல் நூலாக இறங்கும். தட்டின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்துத் தூளுக்கும் செய்யுங்கள். ஒன்று இறங்கி ஒன்று மிதந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த முறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூளைப் பரப்பாதீர்கள், நடுவில் இரண்டு முறை கிளறிவிடுங்கள். பெரிய தானியம் தன் கனத்தாலேயே மூழ்கிவிடும் என்பதால்தான் சலித்த நுண்தூளில் இதைச் செய்யச் சொல்கிறேன்.

தண்ணீரில் மூழ்குகிறது, ஆனாலும் பிட்ச் பிடிக்கவில்லையா? தண்ணீர் வேறு, பிட்ச் வேறு. பிட்சையே கேளுங்கள். சிறிய மூசையில் தூளை ஒரே எடை, ஒரே எண்ணிக்கைத் தட்டல் என்று நிரப்பி, மேலே ஒரு பிட்ச் உருண்டையை வையுங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். உருண்டை முதலில் குந்தும், அப்புறம் குவிமாடம் போல நிற்கும், பிறகு ஒரு வெப்பநிலையில் சட்டென்று தூளுக்குள் இறங்கி மறையும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய தூள், பதப்படுத்தாத தூள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பதப்படுத்தியதில் உருண்டை முந்தி இறங்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இறங்கினால் உங்கள் பதப்படுத்தல் பிட்சைப் பொறுத்தவரை எதையும் மாற்றவில்லை.

சிலேன் போட்டிருக்கிறீர்களா? கண்ணாடி இழையிலும் சிலிக்காவிலும் ரெசின் பிடிக்க உதவும் சிலிக்கான் சேர்ந்த மருந்து அது. அது பற்றிக்கொள்ள மேற்பரப்பில் ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன் தொகுதி வேண்டும். ஆக்சிஜன் ஏற்றாத கார்பனில் அது மிகக் குறைவு. ஒட்டினாலும், சூளைச் சூட்டில் அதன் கரிமப் பகுதி போய்விடும், சிலிக்கான் எச்சம் மட்டும் தங்கும். சுடாமல் பிளாஸ்டிக்காகவே பயன்படுத்தும் பொருளுக்கு அது வேறு கதை. சுட்டெடுக்கும் கட்டிக்கு இதில் பணத்தைப் போட வேண்டாம்.

எப்போது வெளியே அனுப்புவது: மேலே சொன்ன ஐந்தும் சரி, ஆனாலும் குழிகள் மினுங்குகின்றன என்றால், எக்ஸ்-கதிர் ஒளியெலக்ட்ரான் ஆய்வு செய்யும் கூடத்துக்குப் பதப்படுத்திய, பதப்படுத்தாத மாதிரிகள் இரண்டையும் அனுப்புங்கள். மேல்தோலில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது, சோடியமோ சிலிக்கானோ எண்ணெயோ படிந்திருக்கிறதா என்று அது சொல்லும். அரைவை இயந்திரத்துக்குப் போகும் காற்றில் கம்ப்ரசர் எண்ணெய் கலந்து தூளை மூடிவிட்டதை ஒரு முறை அப்படித்தான் கண்டுபிடித்தோம். அமில-காரத் தரம்பார்த்தலால் ஆக்சிஜன் தொகுதிகளை எண்ணும் முறையைச் சுட்ட கோக்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மேற்பரப்பு அவ்வளவு குறைவு. கிடைக்கும் எண் பிழைக்குள்ளேயே மூழ்கிவிடும்.

## அறிகுறி 2: பதப்படுத்திய பிறகு கலவை வறண்டு, பச்சைக் கட்டியே உதிர்கிறது

பச்சைக் கட்டி என்றால் அச்சில் அழுத்திய, இன்னும் சுடாத கட்டி. இது பெரும்பாலும் கெட்ட செய்தி அல்ல. ஆக்சிஜன் ஏற்றும்போது தானியத்தின் தோலில் நுண்துளைகள் திறக்கின்றன. அவை பைண்டரைக் குடிக்கின்றன. பழைய தூளுக்குப் போதுமாயிருந்த அளவு இப்போது போதாது.

பைண்டரை ஒரு சதவீதப் படியாக ஏற்றி ஐந்து சிறு கட்டிகள் போடுங்கள். சுட்ட அடர்த்தி எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் புதிய அளவு. பச்சை அடர்த்தியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பைண்டர் கூடினால் அது ஏறிக்கொண்டே போகும், பிறகு சூளையில் உப்பிக் கெடுக்கும்.

புதிய அளவு பழையதைவிட மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் போனால் அங்கேயே நிறுத்துங்கள். தூள் மிதமிஞ்சி வெந்திருக்கிறது. நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 3: பச்சையில் நன்றாக இருந்தது, சூளையில் வெடித்தது அல்லது உப்பியது

சூடேற்றிய வேகம். 200-க்கும் 600-க்கும் இடையில்தான் பைண்டரின் வாயுக்கள் பெரும்பாலும் வெளியேறுகின்றன. 450-லிருந்து 550-க்குள் பிட்ச் குழம்பு நிலையைவிட்டு இறுகுகிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் எந்தப் பதப்படுத்தலும் காப்பாற்றாது. பெரிய கட்டிக்கு மணிக்கு 10 டிகிரியைத் தாண்டாதீர்கள். முதலில் பாதி வேகத்தில் ஒரு கட்டி சுட்டுப் பாருங்கள். செலவு, கொஞ்சம் மின்சாரமும் பொறுமையும் மட்டுமே.

பதப்படுத்திய தூளே வாயு விடுகிறதா? மேற்பரப்பில் ஏற்றிய கார்பாக்சில் தொகுதிகள் 200 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று போகும். ஃபீனால், கார்போனைல் வகைகள் அதற்கும் மேலே, 600-ஐ தாண்டி, கார்பன் மோனாக்சைடாகப் போகும். அதாவது நீங்கள் ஏற்றிய ஆக்சிஜன் சுட்டு முடிந்த கட்டியில் கிட்டத்தட்ட இருக்காது. அதன் வேலை, பிட்ச் பரவி இறுகும் வரை இடம் பிடித்துக் கொடுப்பது. தேவைக்கு மேல் ஏற்றினால் அந்த மிச்சம், பைண்டர் இறுகும் அதே நேரத்தில் வாயுவாகிக் குமிழி கட்டும். பதப்படுத்திய தூளை மட்டும் நைட்ரஜனில் 600 வரை சூடாக்கி எடை இழப்பைப் பாருங்கள். பதப்படுத்தாத தூளைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இழந்தால் பதப்படுத்தும் நேரத்தைக் குறையுங்கள்.

அமிலம் மிச்சமிருக்கிறதா? நைட்ரிக்கில் பதப்படுத்தியவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழுவிய நீர் நடுநிலை காட்டியதும் நிறுத்திவிடுவார்கள். துளைக்குள் இருக்கும் அமிலம் அவ்வளவு சீக்கிரம் வராது. கழுவிய தூளைச் சுடு காய்ச்சி வடித்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அந்த நீரைச் சோதியுங்கள். மறுபடி புளிப்பு காட்டினால் மறுபடி ஊற வையுங்கள். நாலைந்து முறை ஆனாலும் சரி. காயவைக்கும்போது பழுப்புப் புகை தெரிந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு விலகுங்கள். அந்தத் தூள் சூடான பிட்சில் விழுந்தால் கலவை பொங்கும், தீயும் பிடிக்கலாம்.

ஃபீனாலிக் ரெசின் என்றால்: அது இறுகும்போது தண்ணீரையும், இறுகவைக்கும் ஹெக்சமின் சேர்ந்திருந்தால் அம்மோனியாவையும் விடும். அச்சை அழுத்தத்தில் வைத்து நடுநடுவே திறந்து மூச்சு விடவிடுங்கள்.

எப்போது அழைப்பது: வேகத்தைப் பாதியாக்கியும் வெடிப்பு எப்போதும் கட்டியின் ஒரே பக்கத்தில் விழுந்தால் தூளை விட்டுவிடுங்கள், சூளைக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு ஹீட்டரோ, சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிளோ பொய் சொல்கிறது.

## அறிகுறி 4: தானியம் குறுக்கே உடைகிறது, ஆனாலும் பலம் குறைவு

பிடிப்பு வெற்றி; தானியம் தோல்வி. பதப்படுத்தல் அளவு மீறியதன் முத்திரை இது. இந்த இடத்தில்தான் மனசு கேட்காமல் "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

காற்று கார்பனைத் தோலில் மட்டும் தின்பதில்லை. துளை வழியே உள்ளே புகுந்து, தானியத்தின் உள்ளிருக்கும் மெல்லிய இணைப்புகளை முதலில் தின்னும். கிராஃபைட் கட்டி ஒன்று ஆக்சிஜனேற்றத்தில் 10 சதவீத எடையை ஒரே சீராக இழந்தால் அதன் வலிமை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். எடையில் சிறிதாகத் தெரிவது பலத்தில் அவ்வளவு பெரிதாக விழுகிறது. தானியத்துக்கும் கதை இதே திசைதான்.

முதல் சோதனை பதப்படுத்தும் முன்னும் பின்னும் எடை. உலர்ந்த தூளை உலர்ந்த தூளோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இழப்பு மூன்றைத் தாண்டினால் அந்தத் தூளை நான் பலம் வேண்டிய கட்டிக்குப் பயன்படுத்த மாட்டேன். அடுத்து விரல் சோதனை: ஒரு மில்லிமீட்டர் தானியங்களை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்துங்கள். பழைய தானியம் 'கிரக்' என்று எதிர்க்கும். வெந்துபோனது சத்தமே இல்லாமல் மாவாகும். அந்த வித்தியாசத்தை ஒரு முறை விரல் உணர்ந்துவிட்டால் மறக்காது.

வெப்பநிலை சரியாகத்தானே வைத்தேன் என்பீர்கள். சுட்ட பெட்ரோலியம் கோக்கை 400-500 டிகிரியில் பதப்படுத்துவது வழக்கம்தான். ஆனால் இது எரிதல். தானே சூடு உண்டாக்கும். தடிமனான படுக்கையின் நடுவில், சூளை காட்டும் எண்ணைவிட நிறையவே ஏறியிருக்கலாம். ஒரு தெர்மோகப்பிளைத் தூளுக்குள் புதைத்துப் பாருங்கள். அப்புறம் தூளிலுள்ள உலோகங்கள். சோடியம், கால்சியம், வனேடியம் மூன்றும் இந்த எரிதலைத் தூண்டிவிடுபவை. அதே சூடு, அதே நேரம், ஆனால் புது மூட்டை கோக் வந்ததும் எடை இழப்பு இரட்டித்ததென்றால், சாம்பல் பகுப்பாய்வுக்கு மாதிரி அனுப்ப வேண்டிய நேரம் அதுதான்.

அதிகம் வெந்த தூளை வீணாக்க வேண்டியதில்லை. நல்ல தூளோடு சிறு பங்காகக் கலந்து, பலம் முக்கியமில்லாத கட்டிகளுக்குப் போடலாம்.

## அறிகுறி 5: கார்பன் ஃபைபர் சேர்த்தும் கண்ணாடி போல ஒரே வெட்டாக உடைகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே நம் உள்ளுணர்வு தப்பு செய்கிறது.

ஃபைபர் சேர்ப்பதே வெடிப்பை வழியில் நிறுத்தத்தான். வெடிப்பு ஃபைபரை அடையும்போது அது லேசாக உருவி வழுகினால் ஆற்றல் அங்கே செலவாகும், வெடிப்பு திசைமாறும். எபாக்ஸி பொருட்களில் பிடிப்பு கூடக் கூட நல்லது என்ற பழக்கத்தில் பலர் நன்றாக ஆக்சிஜன் ஏற்றிய ஃபைபரையே வாங்குகிறார்கள். சுட்ட கார்பனில் அணியின் (ஃபைபரைச் சுற்றியிருக்கும் பைண்டர் கார்பனின்) கதை வேறு. ஃபீனாலிக் ரெசின் கார்பனாகும்போது பெரிதும் சுருங்குகிறது. ஃபைபரோடு இறுகப் பிணைந்திருந்தால் அந்தச் சுருக்கம் ஃபைபரையே கீறிவிடும். பிறகு வெடிப்பு அணியிலிருந்து ஃபைபருக்குள் நேராக ஓடிவிடும். உடைந்த முகம் தட்டையாக, ஒரு ஃபைபர்கூட நீட்டாமல் இருக்கும். நல்ல முகம் என்றால் துலக்கிய பிரஷ் போல ஃபைபர் முனைகள் சீரற்று நீட்டிக்கொண்டிருக்கும்.

சரி, செய்ய வேண்டியவை. முதலில் ஃபைபர் விற்றவரிடம் கேளுங்கள்: மேற்பரப்பு பதப்படுத்தியதா, மேலே என்ன பூச்சு? வணிக ஃபைபர்களில் பெரும்பாலானவை மின்பகுப்பில் ஆக்சிஜன் ஏற்றி, எபாக்ஸிக்கு ஏற்ற பூச்சோடு வருகின்றன. பதப்படுத்தாத ரகம் கிடைக்குமா என்று கேட்பதுதான் மலிவான தீர்வு. கிடைக்காவிட்டால், பூச்சை அசிட்டோனில் கரைத்து எடுத்த பின் ஃபைபரை நைட்ரஜன் அல்லது ஆர்கானில் 1000 டிகிரிக்குப் பக்கமாகச் சூடாக்கினால் ஏற்றிய தொகுதிகள் பெரும்பாலும் கழன்றுவிடும். ஒரு துளி ஆக்சிஜன் கசிந்தாலும் ஃபைபர் குழிவிழும்; கசிவு பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சுட்டுவிட்ட கட்டி என்றால் 2000 டிகிரிக்கு மேலே கிராஃபைட் ஆக்கும்போது இடைமுகம் தளர்ந்து, பலம் திரும்புவதுண்டு. அதற்கான சூளை சிறு கூடங்களில் இருக்காது. அந்தச் செலவுக்கு முன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு முகத்தைப் பார்த்துவிடுங்கள். ஃபைபர் உண்மையிலேயே அணியோடு ஒரே தளத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று உறுதியானால் மட்டும் அனுப்புங்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. ஃபைபர் முழு நீளத்துக்கு உருவிக்கொண்டு, துடைத்ததுபோல் சுத்தமாக வந்தால் பிடிப்பே இல்லை. அது அறிகுறி 1.

## அறிகுறி 6: பலம் ஏறியது, மின்தடையும் ஏறியது

மின்முனையும் மோட்டார் பிரஷ்ஷும் செய்பவர்களின் தலைவலி. முதலில் வெடிப்பா என்று பாருங்கள்: துண்டை மூன்று திசைகளிலும் அளந்து, ஒரு திசையில் மட்டும் தடை முன்பைவிட ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு, அறிகுறி 3-க்குத் திரும்புங்கள். மூன்றிலும் சமமாக ஏறியிருந்தால் சந்தேகம் பைண்டர் கார்பனின் ஒழுங்கின் மீது போகிறது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் பிட்ச் குறுக்கே பிணைந்து, பெரிய அடுக்குகளாக வளராமல் நுண்ணிய மணல்போல் இறுகுகிறது. பலத்துக்கு அது ஆகும், மின்னோட்டத்துக்கு ஆகாது. பதப்படுத்தலைப் பாதியாக்கி இரண்டையும் அளந்து பாருங்கள். முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி பார்க்கத் தெரிந்தவர் இருந்தால் ஒரு பளபளப்பாக்கிய துண்டு போதும், அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

## அறிகுறி 7: ஒரு தொகுதி நன்றாக, அடுத்தது மோசம்

சூத்திரத்தைத் தொடாதீர்கள். சூத்திரம் மாறவில்லை, வேறு ஏதோ மாறியிருக்கிறது. பதப்படுத்திய தேதிக்கும் கலந்த தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று இரண்டு தொகுதிக்கும் எழுதிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் விடை அங்கேயே இருந்தது. பதப்படுத்திய அன்றே மூடிய டப்பாவில் அடைத்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கைப்பிடி தூளைத் தேதி எழுதித் தனியே எடுத்து வையுங்கள். புகார் வரும் நாளில், வைத்திருந்த பழைய நல்ல தூளையும் புதுத் தூளையும் ஒரே மூசைத் தட்டில், ஒரே பிட்சில் இறக்கிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே சூட்டில் இறங்கினால் தூளை விட்டுவிட்டு பிட்ச் பீப்பாயின் சான்றிதழை எடுங்கள். மென்மையாகும் வெப்பநிலையும் கோக்காகும் விகிதமும் (சுட்டபின் கார்பனாக மிஞ்சும் பங்கு) முந்தைய பீப்பாயோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பிட்ச் கொடுத்தவரிடம் அந்த இரண்டு எண்களோடு பேசுங்கள்.